சீனி இறங்கினால் சீனி கொடுக்கலாமா?



சண்டிலிப்பாயிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "வாப்பாவுக்குச் சீனி வருத்தம். வைத்தியர் ஆகார்போஸ் குளிசை தந்திருக்கிறார். கோத்தல ஹிம்புட்டுக் கோப்பையில் இரவில் ஊறவைத்த தண்ணீரையும் சேர்த்துக் கொடுக்கலாமா?"

பதிலுக்கு முன், குடலுக்குள் நடப்பதைச் சற்று அறிந்துகொள்வோம்.

நாம் உண்ணும் பிட்டும் ஒடியற் கூழும் மாப்பொருள். நொதியங்கள் அதை வெட்டிக் குளுக்கோசாக்கினால்தான் இரத்தத்தில் சேரும். சிறுகுடற் சுவரில் மாப்பொருளின் துண்டுகளை வெட்ட மோல்ற்றேசு, சீனியை வெட்டச் சுக்குரேசு, பாலின் இனிப்பை வெட்ட இலற்றேசு என்று நொதியங்கள் இருக்கின்றன.

நொதியத்தைப் பூட்டு என்றும் உணவைத் திறப்பு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதே சாயலுள்ள போலித் திறப்பொன்று துவாரத்தில் புகுந்து நின்றால் உண்மைத் திறப்பு நுழையுமா? உண்மைத் திறப்புகள் ஏராளமாக வந்தாலே போலி இடம்விடும். இப்படிப் போட்டியிட்டுத் தடுப்பதையே போட்டி நிரோதி என்கிறார்கள்.

எந்தப் போலி எந்தப் பூட்டில் பொருந்துகிறது என்று பார்த்தால், எந்தப் பூட்டுகள் ஓரினம் என்பதும் தெரியவரும். ஆகார்போஸ் மோல்ற்றேசையும் சுக்குரேசையும் தடுக்கிறது. இலற்றேசைத் தடுப்பதில்லை. முன்னவை அல்பா இனம். பின்னது பீற்றா இனம்.

நமது நாட்டுக் கோத்தல ஹிம்புட்டிலும் அத்தகைய போலி உண்டு. ஜப்பானிய ஆய்வாளர் யொஷிகாவா குழுவினர் 1997இல் அதிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். சிறுகுடலின் அல்பா நொதியங்களில் நான்கு வெட்டும் பகுதிகள் உண்டு. கனடாவின் டேவிட் ரோஸ், மரியோ பின்டோ குழுவினர் இத்தகைய பொருட்களையும் ஆகார்போஸையும் கொண்டு அந்த நான்கையும் தனித்தனியே சோதித்தனர். எல்லாம் ஒரே அளவில் அடங்குவதில்லை என்று கண்டனர்.

இதனால் அடுப்படிக்கு என்ன பயன்? இரண்டு உண்டு.

ஒன்று, குளிசையும் கோப்பைத் தண்ணீரும் ஒரே வேலையைச் செய்பவை. மரத்தண்ணீர்தானே என்று எண்ணி வைத்தியருக்குச் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. ஆகார்போஸ் தனியே இருக்கையில் இரத்தச் சீனி மிகவும் இறங்குவது அரிது. இன்சுலினோ கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ கூடவே எடுப்பவருக்கு இறங்கலாம். வியர்த்து, நடுங்கி, தடுமாறுவார். நாம் பதறிச் சீனித் தண்ணீர் கொடுப்போம். ஆனால் சீனியை வெட்டும் சுக்குரேசு அடைபட்டிருக்கிறதே! அது உடனே உதவாது. குளுக்கோசுக்கு வெட்டே தேவையில்லை. அதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நோன்பு வைத்திருந்தாலும் நோன்பை விட்டுவிட்டுக் குடிக்கச் செய்யுங்கள். உயிரைக் காப்பது கடமை. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஆகார்போஸ் உள்ள வீட்டில் குளுக்கோசு மாப் பெட்டியொன்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொல்லிவையுங்கள்.