கேட்டுக் கொடுப்போம்



"உதவி" என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் பலருக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். நீண்ட வரிசை, கையில் அட்டை, தலையில் வெயில், பெயர் கூப்பிடும்வரை காத்திருப்பு. 2009ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாமில் நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். ஆகவே இம்மாதம் தூரத்துக் கிராமங்களுக்கு உதவி கொடுப்பது பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "வாங்குகிற எங்களுக்கு இது எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

இரண்டு காரணங்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ, கொழும்பில் இருக்கும் ஒரு சங்கமோ "ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும், என்ன செய்யலாம்?" என்று கேட்கும்போது வழி சொல்லவேண்டியவர்கள் நாங்கள். அது முதலாவது காரணம். இரண்டாவது காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லவேண்டும்.

2014ஆம் ஆண்டு. சமூகவியலில் பட்டம் பெற்று, வெளிக்கள உத்தியோகத்தராக வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒட்டுசுட்டான் பகுதியில் காட்டோரமாக உள்ள ஒரு கிராமம் எனக்குப் பொறுப்பாகக் கிடைத்தது. ஐம்பத்து மூன்று குடும்பங்கள். நாளுக்கு இரண்டு முறைதான் பஸ். வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் சிலர், கணவனை இழந்த பெண்களுக்குப் பன்னிரண்டு தையல் மெசின்கள் தருவதாகச் சொன்னார்கள். எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரே நாளில் பெயர்ப் பட்டியல் எழுதினேன். மெசின்கள் வந்தன. பதாகை கட்டி, மாலை போட்டு, படமும் எடுத்தோம்.

ஒரு வருடம் கழித்து வீடு வீடாகப் பார்க்கப் போனேன். அநேகமான மெசின்கள் சேலைத் துணியால் மூடியபடி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தன. ஒன்று அடகுக்குப் போயிருந்தது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியாக இருந்த அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க மிஸ். இருக்கிறது அம்பத்திமூணு குடும்பம். அதுல பன்னெண்டு தையல்காரி இருந்தா யாருக்குத் தைக்கிறது?"

"அப்ப ஏன் அக்கா அன்றைக்கே சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலையே. பேரு எழுதினீங்க. வேணாம்னு சொன்னா அடுத்த தடவ ஒண்ணுமே வராதுன்னு பயந்தோம்."

நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தும் விளங்காத ஒன்று எனக்கு அந்தத் திண்ணையில் விளங்கியது. வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இல்லாதவருக்குக் கொடுக்கும்போது, கேட்கவேண்டிய பொறுப்பு கொடுப்பவருக்கே உரியது.

"அப்ப உங்களுக்கு என்னதான் தேவை?" என்று ஒரு வருடம் பிந்திக் கேட்டேன். யோசிக்காமலே பதில் வந்தது. கச்சான் உடைக்கிற மெசின் ஒன்று. ஊரில் எல்லோரும் கச்சான் போடுகிறார்கள். கையால் உடைத்து நகமெல்லாம் பிய்ந்துபோகிறது. உடைக்காமல் விற்றால் வியாபாரி குறைந்த விலைதான் தருகிறார். "ஒண்ணு போதும் மிஸ், சங்கத்துக்குப் பொதுவா" என்றார் அக்கா.

உதவியவர்களுக்கு உண்மையை எழுதினேன். அவர்கள் கோபிக்கவில்லை. அடுத்த வருடமே அந்த ஒரு மெசினை வாங்கித் தந்தார்கள். சங்கக் கட்டடத்தில் அது இன்றும் ஓடுகிறது.

அன்றிலிருந்து உதவ விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லிவரும் விடயங்களை உங்களுக்கும் சொல்கிறேன். வெளிநாட்டு உறவுகளோடு கதைக்கும்போது அவர்களுக்கும் சொல்லுங்கள்.

முதலாவது, ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டாம். கிராம அலுவலர், மாதர் சங்கத் தலைவி, பாடசாலை அதிபர் ஆகியோரிடம் தனித்தனியே விசாரிக்கவேண்டும். பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் விபரம் தெரியும். அதன் பிறகு கூட்டத்துக்கு வரமுடியாத வீடுகளுக்கும் போகவேண்டும். படுக்கையில் கிடக்கும் ஆச்சியும், காலை இழந்த பெண்ணும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். பட்டியலில் முதலில் விடுபடுவதும் அவர்களுடைய பெயர்தான்.

இரண்டாவது, பொருளாக அனுப்புவதைவிடப் பணமாக அனுப்புவது பெரும்பாலும் நல்லது. லொறிக் கூலி மிஞ்சும். அரிசியையும் கொப்பியையும் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கத்திலோ ஊர்க் கடையிலோ வாங்கினால் அந்தக் கடைக்காரரும் பிழைப்பார். ஆனால் பணம் தனி ஒருவரின் கணக்குக்குப் போகக்கூடாது. சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும். எடுப்பதற்கு இரண்டு பேரின் கையெழுத்து வேண்டும். பற்றுச்சீட்டு வைத்து, மாதக் கூட்டத்தில் வரவு செலவை வாசிக்கவேண்டும். இது யாரையும் சந்தேகிப்பதற்காக அல்ல. பொறுப்பில் இருக்கும் பெண்ணின் பெயரைக் காப்பாற்றுவதற்காக.

மூன்றாவது, ஒருமுறை பெரிதாகக் கொடுப்பதைவிட மாதா மாதம் சிறிதாகக் கொடுப்பது கிராமத்துக்குப் பயன் தரும். தூரத்துப் பாடசாலைக்குப் போகும் ஒரு பிள்ளையின் பஸ் பருவச் சீட்டு, மாலை வகுப்பு எடுக்கும் தங்கச்சிக்கு ஒரு கொடுப்பனவு, சிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போய்வரும் தாய்க்குப் பயணச் செலவு என்று பல உண்டு. இவற்றுக்குத் திறப்புவிழா கிடையாது. ஆனால் பிள்ளை பாடசாலையை விட்டு நிற்காது.

நான்காவது, பழைய உடுப்பு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு, பாடசாலை மாணவியாக நானும் நிவாரணப் பொதிகளைப் பிரித்து அடுக்கினேன். எங்கள் வெயிலுக்குத் தடித்த கம்பளிக் கோட்டுகள் வந்திருந்தன. கிழிந்தவையும் அழுக்கானவையும் வந்திருந்தன. அவற்றைப் பிரிப்பதிலேயே இரண்டு நாள் போனது. நாங்கள் உடுத்தக் கூசாத உடுப்பை, தோய்த்து, பொத்தான் தைத்துக் கொடுப்போம். மற்றதை வீட்டில் துடைக்கும் துணியாக வைத்துக்கொள்வோம். உள்ளாடை, துவாய், மாதவிடாய்க்கால நாப்கின் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்கிக் கொடுக்கவேண்டும். ஆண்கள் எழுதும் நிவாரணப் பட்டியலில் இவை அநேகமாக இருப்பதில்லை. முகாமில் இதற்காக நாங்கள் பட்ட வெட்கத்தை இன்னொரு பெண் படவேண்டாம்.

ஐந்தாவது, குழந்தைப் பால்மா. இரக்கப்பட்டு முதலில் வாங்குவது இதைத்தான். ஆனால் அனர்த்தக் காலத்தில் பால்மாவைத் தானமாகக் கொடுக்கவும் வாங்கவும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சொல்லிவருகின்றன. சுத்தமான தண்ணீரும் போத்தலை அவிக்க வசதியும் இல்லாத இடத்தில் குழந்தைக்கு வயிற்றோட்டம் வரும். பால்மா கிடைத்தால் தாய் பால் கொடுப்பதும் குறைந்துவிடும். பாலூட்டும் தாய்க்கு நல்ல சாப்பாடு கொடுங்கள். தாயில்லாத பிள்ளை இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுச் செய்யுங்கள். வீட்டில் மிஞ்சிய மருந்துக் குளிசைகளையும் அனுப்பவேண்டாம்.

ஆறாவது, படம். கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டவேண்டும், உண்மைதான். அதற்குப் பற்றுச்சீட்டும், கட்டிய கிணற்றின் படமும் போதும். புத்தகப்பையை வாங்கும் பிள்ளையின் முகம் எதற்கு? ஒன்பதாம் ஆண்டு படித்த ஒரு பிள்ளை, அப்படி எடுத்த படம் எல்லோருடைய தொலைபேசிக்கும் போனபிறகு ஒரு வாரம் பாடசாலைக்குப் போகவில்லை. அந்தப் பை இப்போதும் வீட்டில் கிடக்கிறது. பிள்ளை பழைய பையைத்தான் கொண்டுபோகிறாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். தனித்து வாழும் பெண்களின் தொலைபேசி இலக்கத்தை உதவி என்ற பெயரில் வாங்கி, பிறகு இரவில் அழைப்பு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். உதவி செய்ததற்காக உங்கள் மீது யாருக்கும் எந்த உரிமையும் வந்துவிடாது. அதிகாரத்தில் உள்ள ஒருவர் தன் கடமையைச் செய்வதற்குப் பாலியல் இலஞ்சம் கேட்பது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி குற்றம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குச் சொல்லலாம். அப்படி ஒன்று நடந்தால் அது உங்கள் பிழை அல்ல.

இனி நான் சொல்லாமல் விட்ட இரண்டாவது காரணம். எங்களாலும் கொடுக்கமுடியும்.

2022இல் அரிசி விலை ஏறி எல்லா வீட்டிலும் அடுப்பு தடுமாறியபோது, அதே கிராமத்துப் பெண்கள் சங்கத்தில் பிடியரிசி தொடங்கினார்கள். எங்கள் ஆச்சிமார் கோவிலுக்கும் மடத்துக்கும் எடுத்துவைத்த அதே பிடியரிசிதான். உலைக்கு அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போடுவது. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். நாளுக்கு ஒன்று என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. முப்பது வீடு சேர்ந்தால் 45 கிலோ. ஒரு பிடி குறைந்ததென்று எந்த வீட்டிலும் யாரும் பசியோடு படுக்கவில்லை. செத்த வீட்டுக்கும், பிள்ளை பெற்று வந்தவளுக்கும், வேலைக்குப் போகமுடியாமல் காய்ச்சலில் கிடந்தவளுக்கும் அந்தப் பானையிலிருந்து அரிசி போனது. முடியாத மாதத்தில் ஒருவர் போடாமல் விடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். அது அவர்களுடைய விதி.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. எங்கள் பக்கமும் வெள்ளம். ஆனால் மலையகத்தில் மண் சரிந்து வீட்டோடு ஆட்களையும் கொண்டுபோனது. அந்தச் செய்தியைக் கேட்டு அக்கா அழுதார். 1977 கலவரத்துக்குப் பிறகு பதுளைப் பக்கமிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. தாயின் இடுப்பில் இருந்து வந்த பிள்ளை. அந்த ஊரில் பாதிப் பேரின் வேர் மலையகத்தில்தான் இருக்கிறது.

"பானையில உள்ளத அனுப்புவோம் மிஸ்" என்றார்கள். நான் வாயைத் திறக்குமுன்னே அக்கா சொன்னார்: "மொதல்ல கேப்போம்."

அங்குள்ள உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பாடசாலை ஒன்றில் பல குடும்பங்களோடு தங்கியிருந்தார். அரிசி வந்துகொண்டிருக்கிறது என்றார். "உடுப்பு மாத்த ஒரு மறைப்பு இல்லக்கா. வகுப்பறைக்குத் திரைத்துணி இருந்தா நல்லது. உள்பாவாடையும் வேணும்" என்றார்.

அரிசியை ஊருக்குள்ளேயே விற்றுத் துணி வாங்கினார்கள். அப்போது அந்தப் பழைய தையல் மெசின்கள் வெளியே வந்தன. பன்னிரண்டில் ஐந்துக்கு எண்ணெய் விட்டதும் ஓடின. இரண்டு இரவு இருந்து தைத்தார்கள். நகரத்திலிருந்து நிவாரணம் கொண்டுபோன லொறியில் மூன்று மூட்டைகள் ஏறின. பதாகையும் கட்டவில்லை, படமும் எடுக்கவில்லை.

லொறி போனபிறகு அக்கா சொன்னார்: "இத்தன வருஷமா வாங்குற லிஸ்டுலதான் மிஸ் எங்க பேரு இருந்துச்சு."

சகோதரிகளே, உங்களிடம் பானை நிறைய இருக்கவேண்டும் என்றில்லை. வீட்டுப் பூசணி விதையைப் பக்கத்து ஊருக்குக் கொடுக்கலாம். எழுதத் தெரிந்தால் தெரியாத ஆச்சிக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம். கிணறு இறைக்கும் சிரமதானத்துக்கு அரை நாள் கொடுக்கலாம். எதைக் கொடுத்தாலும் முதலில் "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேளுங்கள். யாராவது உங்களிடம் கேட்டால் பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். வேண்டாததை வேண்டாம் என்று சொல்வது நன்றி கெட்டதனம் அல்ல.

உங்கள் சங்கத்தில் இப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு எழுதுங்கள். எழுத்துப்பிழை பற்றி யோசிக்கவேண்டாம். அடுத்த மாதம் சந்திப்போம்.