கருவறைப் பிள்ளையும் தந்தையின் கிண்ணமும்



நீதித் தலைவர்கள் நூலின் 13-ஆம் அதிகாரத்தில், பிள்ளைப்பேறின்றி இருந்த மனோவாகின் மனைவிக்கு ஆண்டவரின் தூதர் தோன்றுகின்றார். மகன் பிறப்பான் என்று அறிவிக்கும் அவர், தாய் மது அருந்தலாகாது என்றும் கட்டளையிடுகின்றார். இதைக் கேட்ட மனோவாகு வாளாவிருக்கவில்லை. தூதர் மீண்டும் வரவேண்டும் என மன்றாடி, பிள்ளைக்காகத் தாங்கள் செய்யவேண்டியது யாதென வினவுகின்றான்.

அக்கட்டளையின் பொருளை மருத்துவம் நெடுங்காலத்தின் பின்னரே அறிந்துகொண்டது. தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் இரத்தத்தில் கலக்கின்றது. அதனால் விளையும் பிறவிக் குறைபாடுகளுக்கு 1973-இல் அமெரிக்க மருத்துவர்கள் தனிப்பெயர் இட்டனர். பின்னர் விலங்குகளிற் செய்த ஆய்வுகள் மேலும் ஒன்றைக் காட்டின. பிறந்த குட்டியின் நுரையீரலிற் கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவற்கலங்கள், கருவில் மது பட்டிருந்தால் வலுவிழக்கின்றன. அக்கலங்களைக் காக்கும் குளூட்டாதயோன் என்னும் பொருள் குறைந்துபோவதே இதற்கு ஒரு காரணம். கருவுற்றிருக்கையில் இவ்வளவு அருந்தினால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை.

"எங்கள் பெண்கள் குடிப்பதில்லையே" என்று நீங்கள் கூறக்கூடும். யாழ்ப்பாணத்தில் அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் தவறணையிலிருந்து தள்ளாடி வரும் கணவனின் காலடியோசைக்கு நடுங்கும் கர்ப்பிணியின் உடலில் கோட்டிசோல் என்னும் ஓமோன் பெருகுகின்றது. அது நீடித்து மிகுந்திருந்தால் நோயெதிர்ப்புக் கலங்களை அடக்கிவிடும். நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதியம் அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்து பிள்ளையைக் காக்கின்றது. நெடுநாள் அச்சமும் துயரமும் அந்தக் காவலையே தளர்த்தக்கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன. மது தாயின் உதட்டைத் தொடாமலே அதன் கேடு பிள்ளையைத் தேடிச் செல்ல இவ்வாறு வழி திறக்கின்றது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்த மக்கள் வெள்ளத்தில் கர்ப்பிணிகளும் இருந்தனர். அன்று அவர்களின் நெஞ்சப் பதைப்பைத் தணிக்க நம்மால் இயலவில்லை. இன்று வீட்டுக்குள் எழும் பதைப்பை நிறுத்துவது நம் கைகளிலேயே இருக்கின்றது. ஆகவே நோயுற்ற பிள்ளையைப் பார்த்துத் தாயைக் குறைகூறுவதை விடுவோம்.

தந்தையரே, மனோவாகைப் போல நீங்களும் கேளுங்கள். மனைவியோடு கர்ப்பிணிச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லுங்கள். வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரின் பேச்சுக்குச் செவிகொடுங்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்போர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மயக்கமும் நேரலாம். எனவே வைத்தியரை அணுகுங்கள். உளநலப் பிரிவை நாடுவது இழுக்கன்று. மாமன் மாமியரே, அயலவரே, அஞ்சி நிற்கும் மருமகளுக்கு உங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும். பிள்ளை பிறந்தபின் தாய்க்கு ஓய்வும் நல்லுணவும் கொடுங்கள். நோய்க்கு எதிரான முதற்காவல் சீம்பாலிலும் இருக்கின்றது.

திருமுழுக்கு நாளன்று வெள்ளாடை அணிவித்துப் பிள்ளையை ஆலயத்துக்கு ஏந்திச் செல்கின்றோம். அதற்கு முந்திய ஒன்பது திங்களும் அப்பிள்ளைக்கு ஆலயம் அதன் தாயே. அந்த ஆலயத்தின் அமைதியைக் காக்கும் அருளை இறைவன் நம் இல்லங்களுக்குத் தருவாராக!