பல்லாங்குழிக்கு இருவர் வேண்டும்

விளையாட்டு சிறுவர்க்கே உரியது, முதியோர்க்கு ஓய்வும் மருந்துமே போதும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரை ஆண்டுக்கணக்காக அவதானித்த ஆய்வொன்று 2003ஆம் ஆண்டு வெளியாயிற்று. பலகை விளையாட்டோ சீட்டோ ஆடியோரிடம் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டதென அது கூறிற்று. பிரான்சின் தென்மேற்கில் 3675 முதியோரை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று 2013இல் வந்தது. ஆடுவோர்க்கு அந்நோய் வரும் வாய்ப்பு 15 சதவீதம் குறைவென அது கண்டது. ஆயினும், தொடக்கத்திலிருந்த அறிவுத்திறனையும் மனச்சோர்வையும் கணக்கிற் கொண்டபோது அவ்வேறுபாடு உறுதியாக நிற்கவில்லை. ஆட்டம் அறிவைக் காத்ததா, அறிவு தெளிந்திருந்தோரே ஆட்டத்தைக் கைவிடாதிருந்தனரா? இவ்வையம் தீராதவரை ஆடுபலகையை மருந்தென்று கூற நாம் துணியோம்.

மருந்தன்றெனில் பயன் யாது? பல்லாங்குழியை நோக்குங்கள். பதினான்கு குழிகளிற் புளியங்கொட்டைகளைக் கை இட்டுச் செல்ல, கடைசிக் கொட்டை எங்கே விழுமென மனம் முன்னரே கணக்கிடுகின்றது. யாழ்ப்பாணத்தவர் விரும்பியாடும் 304 என்னும் சீட்டாட்டத்தில் 32 சீட்டுகளுள் விழுந்தவற்றை நினைவில் வைத்து, துரும்பு எதுவென ஊகித்தல் வேண்டும். கணக்கும் நினைவும் ஊகமும் அங்கே ஒருங்கே உழைக்கின்றன. இவற்றினும் மேலாக, எதிரே ஒரு மனிதர் இருக்கின்றார். மறதி நோய்க்கு வழிகோலும் காரணங்களுள் தனிமையும் ஒன்றென 2024இல் லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு எடுத்துக்காட்டியது.

வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் குறைவாயிருப்பது அந்த எதிராளியே. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்த மூத்தோர் பலரின் பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். ஊரில் விறாந்தையிற் கூடியாடிய தோழர்கள் திசைக்கொருவராயினர். தொலைபேசியில் முகம் தெரிகின்றது. பலகைக்கு அப்பால் ஆளில்லை.

மாணவர்களே, ஞாயிறு மாலையில் அரைமணி நேரம் பாட்டியின் முன் அமருங்கள். ஊருக்கு ஊர் மாறும் ஆட்ட விதிகளை அவரிடமே கேட்டறியுங்கள், அவர் ஆசிரியராகட்டும். விரைவுபடுத்தாதீர்கள். வேண்டுமென்றே தோற்காதீர்கள், அதனை அவர் உடனே அறிந்துகொள்வார். பார்வை மங்கியவர்க்குப் பெரிய எழுத்துச் சீட்டு உதவும். குழிகளையோ விரலே காணும். செவிப்புலன் குறைந்தவரிடம் முகம் நோக்கிப் பேசுங்கள். அயல்வீட்டுச் சிங்கள மூதாட்டியையும் அழையுங்கள். குன்றிமணி கொண்டு ஆடும் 'ஒலிந்த கெளிய' நம் பல்லாங்குழியின் உடன்பிறப்பன்றோ!

இன்னுமொன்று. பல்லாண்டு பழகிய ஆட்டத்தின் விதியையே ஒருவர் மறந்து தடுமாறத் தொடங்கினால், "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடலாகாது; காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்க. சிகிச்சையால் தீரக்கூடிய காரணங்களும் சில உண்டு. அத்தடுமாற்றத்தை முதலிற் காணக்கூடியவர் எவர்? வாரந்தோறும் எதிரே அமர்ந்து ஆடுபவரே.