அம்மாவை அளக்கவில்லை!



"வீட்டுல ஒரு சிவில் என்ஜினீயர் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்றார் அப்பா. டிப்ளமோ முடிக்கும் முன்பே எனக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்! பழைய அடுப்பங்கரையை மாற்றிக் கட்டும் பொறுப்பு இப்படித்தான் என் தலையில் விழுந்தது.

10க்கு 8 அடி அறை. டேப் பிடித்து அளந்து பிளான், எலிவேஷன், செக்‌ஷன் எல்லாம் போட்டேன். மேடை உயரம் 3 அடி. வாஸ்துப்படி அடுப்பு தென்கிழக்கில் என்றார் அப்பா, சரி. கடப்பா கல்லை எடுத்துவிட்டு கிரானைட் போடலாம் என்றார் மேஸ்திரி, சரி. தரைக்குப் பளபளா டைல்ஸ் என்றேன் நான், அதுவும் சரி. அம்மாவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பால் காய்ச்சிய மறுநாளே தெரிந்துவிட்டது. அம்மா உயரம் 4 அடி 10 அங்குலம். 3 அடி மேடை, அதன் மேல் அடுப்பு, அதன் மேல் குழம்புச் சட்டி! மணைப்பலகை மேல் ஏறி நின்று கிண்டினார்கள். ஒரே மாதத்தில் தோள்பட்டை வலி. அது மட்டுமா? அடுப்பு ஒரு மூலை, சிங்க் எதிர் மூலை. சாதம் வடிக்கப் பானையோடு நடந்தபோது, ஈரமான டைல்ஸில் கால் வழுக்கியது. கொதிக்கும் கஞ்சி காலில் கொட்டாதது தெய்வச் செயல்.

"சுவத்தையெல்லாம் அளந்தியே, என்னை அளந்தியாடா?" என்றார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிறகுதான் படித்தேன். 1926ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்குச் சமையலறை வடிவமைத்த மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண்மணி, அதற்கு முன் தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் வேலை செய்பவரின் நடையையும் நேரத்தையும் கணக்கிட்டு வரைந்தார். நானோ வீட்டிலேயே சமைப்பவரை வைத்துக்கொண்டு கோட்டை விட்டேன்!

மேடை, நிற்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். அடுப்புப் பக்கத்தை இடித்து 31 அங்குலமாக இறக்கினோம். சிங்க்கை அடுப்புக்கு அருகே கொண்டுவந்தோம். தரைக்குச் சொரசொரப்பான மேட் டைல்ஸ். கிரானைட் மட்டும் தப்பித்தது. கடப்பா, சுண்ணாம்புக்கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டால் மங்கிவிடும். இதை அம்மா கெமிஸ்ட்ரி படிக்காமலே சொன்னார்கள். காய் நறுக்கும் பக்கம் பழைய உயரத்திலேயே நிற்கிறது. அது அப்பாவுக்கும் எனக்கும்! இனி நறுக்குவது நாங்கள்தானாம்.

டிராயிங் ஹாலில் கோடு நேராக இருந்தால் மார்க் கிடைக்கும் நண்பர்களே. வீட்டில் அந்தக் கோட்டின் மேல் ஒருவர் தினமும் மூன்று வேளை நிற்கிறார். பென்சிலை எடுக்கும் முன் அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க ஐந்து நிமிடம். கேட்காமல் விட்டதற்கு எங்கள் வீட்டில் இரண்டு முறை கொத்தனார் கூலி!

- ஓர் இறுதியாண்டு சிவில் மாணவன்