விண்ணப்பத்தில் ‘அவர்’ யார்?

பிழைப்பை நாடி வடக்கே குடியேறிவிட்ட நம்மவர்க்குத் தமிழில் எழுதும் தேவை அற்றுவிட்டது என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. ஊரிலே சிறிது நிலமோ, பாட்டனார் வீட்டில் ஒரு பங்கோ இருக்குமாயின், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு என்றேனும் ஒரு நாள் விண்ணப்பம் எழுத நேரும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே தமிழ் ஆட்சிமொழியாயிற்று. எனவே தமிழிலேயே எழுதுதல் நலம். தெளிவாக எழுதுதல் அதனினும் நலம்.

அன்பர் ஒருவர் பட்டா மாற்றத்துக்காக எழுதி வந்து காட்டிய விண்ணப்பத்தில் இவ்வாறு கண்டோம்: “என் தந்தையும் சிற்றப்பாவும் கூட்டாக வாங்கிய நிலத்தில், அவர் காலமானபின் அவர் பங்கு என்னைச் சேர்வதால்...” காலமானவர் யார்? தந்தை எனில் எழுதியவர் நேர் வாரிசு. சிற்றப்பா எனில், அவருக்கு மனைவி மக்கள் உளரா, உயில் உண்டா என்று கேள்விகள் கிளம்பும். எழுதியவர் நினைத்தது தந்தையைத்தான். படிக்கும் அலுவலர் அதை எங்ஙனம் அறிவார்? விளக்கம் கேட்டுக் காகிதம் திரும்பி வரும். விடுப்பெடுத்து இரண்டு நாள் இரயிலில் ஊர் செல்ல நேரும். ஆகவே ‘அவர்’ இரண்டையும் அடித்துவிட்டு, ‘என் தந்தை காலமானபின் தந்தையின் பங்கு’ என்று எழுதச் செய்தோம். வந்த சொல்லே மீண்டும் வருவது அழகன்று என்று பள்ளியில் கற்றிருப்போம். கட்டுரைக்கு அது பொருந்தலாம்; நில விண்ணப்பத்துக்குப் பொருந்தாது.

‘என்னால் மனு சமர்ப்பிக்கப்பட்டது’ என்பது ஆங்கிலக் கோப்புகளோடு பழகியதால் வந்த நடை. ‘மனுக் கொடுத்தேன்’ என்றால் போதும், மரியாதை குறைந்துவிடாது.

தலைப்பிலேயே பலர் தவறுகின்றனர். அனுப்புனர், பெறுனர் அல்ல. ஓட்டுநர், நடத்துநர் போல அனுப்புநர், பெறுநர். தொகை எழுதும்போது 300 என்பது முந்நூறு. முன்னூறு என்றால் முன்னுள்ள நூறு என்றாகும். 12 பன்னிரண்டு, பனிரெண்டு அன்று. கைப்பேசியில் தட்டும்போது தாமே வந்து விழும் சொற்களை நம்ப வேண்டா.

எழுதி முடித்தபின், எழுதியவரே சரிபார்த்தல் போதாது. தாம் எழுத நினைத்ததையே கண் படிக்கும், எழுதியதைப் படிக்காது. எம் போன்ற குமாஸ்தாக்களுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு: ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் நகலில் விரல் வைத்து ஒப்புநோக்குவார். வீட்டிலும் அவ்வாறே செய்யலாம். தாய்ப் பத்திரத்தை மகனோ மகளோ படிக்கட்டும். பிள்ளைக்குத் தமிழ் எழுத்து இன்னும் கைவரவில்லையெனில், எண்களை மட்டுமேனும் படிக்கச் சொல்லுங்கள். புல எண் 141 என்பது 114 ஆகிவிட்டால், விண்ணப்பம் வேறொருவர் நிலத்தைத் தேடிப் போய்விடும்.

ஒற்று மிகும் இடங்களைப் பற்றி அன்பர் சிலர் கேட்டுள்ளனர். அடுத்த இதழில் எழுதுவோம்.