கல்லுக்குள் இருப்பது யார்?

எச்சரிக்கை: 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' படிக்க நினைத்திருப்பவர்கள் இத்தோடு எஸ்கேப் ஆகிவிடவும். முடிவு வரை போட்டு உடைக்கப் போகிறேன் :-)

பத்தாவது படிக்கும் என் பையனுக்கு மாங்கா பைத்தியம். (வடு மாங்கா இல்லைங்க, ஜப்பான் படக்கதை.) ஹிரோமு அரக்காவா என்ற பெண்மணி 2001 முதல் 2010 வரை எழுதி வரைந்த தொடர் இது, 27 புத்தகம். "படிக்கிற நேரத்துல பொம்மை பார்க்கிறான்" என்று தங்கமணி புலம்ப, அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் உட்கார்ந்தேன். மாட்டிக்கொண்டேன்.

ரசவாதம் நடக்கும் உலகம். ஒன்றைப் பெற, அதற்குச் சமமான ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். எட்வர்ட், அல்ஃபோன்ஸ் என்ற இரண்டு சிறுவர்கள் செத்துப்போன அம்மாவை உயிர்ப்பிக்கப் பார்க்கிறார்கள். அம்மா வரவில்லை. அண்ணனுக்குக் கால் போனது, தம்பிக்கு உடம்பே போனது. தம்பியின் உயிரை ஒரு இரும்புக் கவசத்தில் கட்டிவைக்க அண்ணன் கையையும் கொடுக்கிறான். அந்தச் சட்டத்தையே ஏமாற்றும் கல் ஒன்று உண்டு என்று தேடிப் போனால், அது மனித உயிர்களைப் போட்டுச் செய்வது. எங்கள் உடம்புக்காக அது வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

இங்கேதான் எங்கள் சண்டை.

"லூசுத்தனம்ப்பா. கல்லுல இருக்கிறவங்க போனவங்கதான். யூஸ் பண்ணலைன்னா திரும்பி வருவாங்களா? கதையில ஓட்டை."

"டேய், நான் கெமிஸ்ட். உள்ள போனது, வெளிய வந்தது ரெண்டுக்கும் கணக்கு எழுதியே தேஞ்சவன். சும்மா கிடைச்ச மாதிரி இருந்தா, வேற யாரோ விலை கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம்."

"அப்ப பிரைடோட சண்டை போடறப்ப அல்ஃபோன்ஸே கல்லை எடுக்கிறானே? கடைசியில மஸ்டாங் தன் கண்ணுக்காக ஒத்துக்கிறாரே?"

கப்சிப். வேதாளம் கேள்வி கேட்டு முடித்ததும் விக்ரமாதித்தன் முழித்திருப்பானே, அப்படி முழித்தேன். அம்புலிமாமா படித்து வளர்ந்த நாமே இதைப் பொம்மைப் புத்தகம் என்று சொல்லலாமா?

ஒரு வாரம் யோசித்தேன். அல்ஃபோன்ஸ் கல்லை எடுப்பது ஊரைக் காப்பாற்றும் சண்டைக்கு, தன் உடம்புக்கு இல்லை. மஸ்டாங் தான் முன்னின்று எரித்த இஷ்வால் மக்களுக்கு வாழ்வைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டுதான் வாங்குகிறார். அதிலும், நடக்கமுடியாமல் கிடக்கும் தன் ஆளை முதலில் குணமாக்கச் சொல்கிறார். எட்வர்ட் கடைசியில் தன் ரசவாதத்தையே கொடுத்துத் தம்பியை மீட்கிறான். கல்லைத் தொடாதே என்பதல்ல அரக்காவா போட்ட விதி. உள்ளே இருப்பது யார் என்று தெரிந்து, அந்தக் கடனை ஏற்றுக்கொண்டு தொடு என்பதுதான். ஓட்டை இல்லை, கணக்கு டேலி ஆகிறது.

இதைப் பட்டான்செருவில் உட்கார்ந்துகொண்டு யோசித்ததுதான் வம்பு. இங்கே மருந்து ஆலைகளின் கழிவால் நக்கவாகு ஓடை கெட்டது, நிலத்தடி நீர் கெட்டது. 1990-லேயே உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததாக எழுதினார்கள். மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். உலகத்துக்கு மாத்திரை மலிவாகக் கிடைத்தது; பாக்கியைக் கொடுத்தது இந்த ஊர்க் கிணறும் வயலும். என் சம்பளம், இவன் ஸ்கூல் ஃபீஸ், ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் பணம், எல்லாம் அந்தக் கல்லிலிருந்து உடைத்தெடுத்ததுதான். அதற்காக நாளைக்கே வேலையை விட்டுவிட்டு ரயிலேறும் அளவுக்கு நான் யோக்கியன் இல்லை.

எல்லாவற்றையும் பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

"சரிப்பா. ஆனா மஸ்டாங் திருப்பித் தரேன்னு சொல்லிட்டுதான் வாங்கினாரு. நீங்க என்ன சொல்லிட்டு வாங்கினீங்க?"

இன்னும் பதில் சொல்லவில்லை. அவனும் விடுகிற ஆள் இல்லை.