முதல் ஆராதனை தோழிக்கே

இளமை முதல் வளர்ந்த இரு பெண்களின் நட்பு எளிதில் முறிவதில்லை. ஆயினும் இருவர் உள்ளமும் ஒன்றையே நாடும்போது அதற்குச் சோதனை வந்துவிடுகிறது. அது ஒருவர்மீது வைத்த அன்பாக இருக்கலாம். ஓர் இடத்தின்மீது கொண்ட உரிமையாகவும் இருக்கலாம். இவ்விரு சோதனைகளையும் எண்ணிப் பார்க்க, அண்டை மாவட்டங்களான அரியலூரிலும் பெரம்பலூரிலும் இரண்டு திருத்தலங்கள் உள்ளன.

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் திகழ்வது திருமழபாடி. திருவாலம்பொழிலில் துயின்ற சுந்தரமூர்த்தி நாயனாரின் கனவில் இறைவன் எழுந்தருளி நினைவூட்ட, அவர் விரைந்து வந்து பதிகம் பாடிய தலம். இங்கே வைத்தியநாதரை வணங்கும்போது, சுந்தரரின் வாழ்வோடு பிணைந்த தோழியர் இருவரையும் நினைக்க வேண்டும்.

கயிலையில் உமையம்மைக்குப் பணி செய்தவர்கள் கமலினியும் அனிந்திதையும். அம்மைக்கு மலர் கொய்யச் சென்ற நந்தவனத்தில் அவ்விருவரும் சுந்தரரைக் கண்டனர்; காதல் அரும்பியது. அதன் பயனாக மூவரும் மண்ணுலகில் பிறந்தனர். கமலினி திருவாரூரில் பரவையாராகவும், அனிந்திதை ஞாயிறு என்னும் ஊரில் சங்கிலியாராகவும் தோன்றினர். இருவரையும் மணந்தார் சுந்தரர்.

திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சபதம் செய்தவர், அதை மீறி ஆரூர் நோக்கிப் புறப்பட்டுக் கண்பார்வை இழந்தார். பார்வை மீண்டும் பெற்று வந்தபோது, செய்தி அறிந்திருந்த பரவையார் அவரை ஏற்க மறுத்தார். அவருடைய ஊடலைத் தணிக்க ஈசனே இருமுறை தூது நடக்க நேர்ந்தது.

ஒருவருக்குப் பிரிவுத் துயர். மற்றவருக்குத் தாளாத சினம். இந்த வரலாற்றைச் சொல்லும் நாம், அதன் நிறைவை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சுந்தரர் வெள்ளை யானை ஏறிக் கயிலை சேர்ந்தபின், பரவையாரும் சங்கிலியாரும் மீண்டும் கமலினியாகவும் அனிந்திதையாகவும் அம்மையின் பணியில் நின்றனர் என்கிறார் சேக்கிழார் பெருமான். யாருக்கு உரிமை மிகுதி என்ற வழக்கை அவர் எடுத்துப் பேசவில்லை. இருவரும் சேர்ந்து செய்த பழைய தொண்டிலேயே அவர்களைக் கொண்டு சேர்க்கிறார்.

இனிப் பெரம்பலூருக்கு வருவோம். நகருக்குத் தெற்கே, திருச்சி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது சிறுவாச்சூர். ஆதியில் அங்கே கோயில் கொண்டிருந்தவள் செல்லியம்மன் என்கிறது தலவரலாறு. அவளிடமே வரம் பெற்ற மந்திரவாதி ஒருவன் அவளையே தன் ஏவலுக்குப் பணிய வைத்தான். அந்நாளில் மதுரையிலிருந்து வந்த காளி, ஓர் இரவு தங்க இடம் கேட்டாள். செல்லி தன் துயரைச் சொல்ல, காளி அந்த மந்திரவாதியை வதைத்தாள்.

நன்றி பெருகிய செல்லி, தன் இடத்தை மதுரகாளிக்கே அளித்துவிட்டுப் பெரியசாமி மலைக்குச் சென்றாள். ஆனால் பூசையில் முதல் மரியாதை தனக்கு வேண்டும் என்று கேட்டாள். அதை ஏற்றுக்கொண்டாள் காளி. அதனால் இன்றும் தீபாராதனை முதலில் செல்லியம்மனை எண்ணி மலையை நோக்கிக் காட்டப்படுகிறது. அதன் பின்னரே மதுரகாளிக்கு. வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே சந்நிதி திறந்திருக்கும். மற்ற நாட்களில் அன்னை மலையில் செல்லியோடு உறைகிறாள் என்பது ஐதீகம். வாரத்தில் இரண்டு நாள் பக்தர்களுக்கு. ஐந்து நாள் தோழிக்கு!

விட்டுக் கொடுத்தவளுக்கும் மனம் உண்டு. அவள் மரியாதை கேட்டதில் தவறில்லை. இடம் பெற்றவள் அதை மறவாமல் செலுத்தி வருவதால்தான் அந்த நட்பு நிலைக்கிறது.

சம்பந்தம் பேசியதில், சீர்வரிசையில், யாரோ சொன்ன ஒரு சொல்லில் பழைய தோழியை இழந்து, ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் மூத்த தாய்மார்கள் பலர் உண்டு. சிறுவாச்சூரில் மாவிளக்கு ஏற்றும்போது, அவருக்கென்று ஒரு பிடி மாவை எடுத்து வையுங்கள். அவர் உங்களுக்காக முன்பு எதை விட்டுக் கொடுத்தார் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு நீங்களே அதை எடுத்துச் சென்று கொடுங்கள். நான் ஏன் முதலில் போக வேண்டும் என்று மனம் தடுத்தால், ஆரூர் வீதியில் இருமுறை நடந்த இறைவனின் திருவடிகளை நினையுங்கள்.